சட்டம் பயிலப் புகும் பிள்ளைகளும் கைகொடுக்கும் மூத்த மாணவர்களும்

(புக்கிட் தெங்கா வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரிடையே ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் புக்கிட் தெங்காவிலிருந்து கடலைக் கடந்தால் ஜார்ஜ் டவுன். 1807-ஆம் ஆண்டின் அரச சாசனப்படி இந்நாட்டில் ஆங்கிலேயர் நிறுவிய நீதிமன்றம் 1808-இல் அந்நகரில்தான் தொடங்கிற்று. எனினும், தோட்டத்துப் பிள்ளை ஒருவன் நீதிமன்றத்தில் வழக்கறிஞனாக நிற்கும் காலம் கனிய நெடுநாளாயிற்று. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் 1972-இல் சட்டத்துறையைத் தொடங்கும் வரை, சட்டம் பயில விரும்பியோர் பெரும்பாலும் இங்கிலாந்துக்கோ சிங்கப்பூருக்கோ செல்ல வேண்டியிருந்தது. இன்றோ, நம் வடபகுதியிலேயே, சிந்தோக்கில் உள்ள உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்திலும் சட்டம் கற்பிக்கப்படுகிறது.

இடம் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. உண்மையில் முதலாண்டில்தான் பிள்ளை திக்குமுக்காடுகிறான். ஆறாம் படிவம் வரை பாடநூலை மனனம் செய்து தேறியவன், இங்கே தீர்ப்புகளைப் படித்து அவற்றினின்று விதியைப் பிரித்தெடுக்க வேண்டியவனாகிறான். அவற்றிற் பல பழைய ஆங்கில நடையில் எழுதப்பட்டவை.

ஒரு சான்று கூறுவோம். 1928-இல் ஸ்காட்லாந்து நாட்டின் பெய்ஸ்லி நகரில் டானகியூ என்னும் அம்மையார், தோழி வாங்கித் தந்த இஞ்சிப் பானத்தைப் பருகினார். போத்தலுக்குள் அழுகிய நத்தை இருந்ததென்றும், அதனால் தாம் நோயுற்றதாகவும் கூறிப் பானத்தைத் தயாரித்தவர்மீது வழக்குத் தொடுத்தார். 1932-இல் பிரபுக்கள் சபை, ஐவருள் மூவரின் பெரும்பான்மையால், தயாரிப்பாளருக்கு நுகர்வோர்பால் கவனக் கடமை உண்டு என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் சட்ட மாணவர் அனைவரும் படிக்கும் வழக்கு இது. புதிய மாணவன் நத்தையைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதிவிடுவான். அருகில் அமர்ந்த மூத்த மாணவி, “தம்பி, போத்தலுக்குக் காசு கொடுத்தவர் யார்?” என்று ஒன்றே ஒன்று கேட்டால் போதும். வாங்கியவர் தோழி, ஆகவே அம்மையாருக்கு எவரோடும் ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தம் இல்லாதவருக்கும் கடமை உண்டா என்பதே வழக்கின் உயிர்நாடி. நத்தை பின்னுக்குப் போய்விடும்.

இம்முறை உங்களுக்குப் புதிதன்று. புதிதாகப் பால்வெட்ட வருபவருக்குக் கத்தியின் சாய்வையும் பட்டையின் ஆழத்தையும் பழகிய வெட்டுக்காரர் மரத்தடியிலேதான் காட்டித் தருகிறார். வெட்டு ஆழ்ந்தால் மரம் காயப்படும். மேலோடு போனால் பால் குறையும். நேற்றுக் கற்றவருக்கே, கற்பவர் எங்கே தடுமாறுவார் என்பது நன்கு நினைவிலிருக்கும். பேராசிரியர் அத்தடுமாற்றத்தை மறந்து பல்லாண்டு ஆகியிருக்கும். (அவர்மீது குறை கூறுகிறோமல்லோம்!)

அமெரிக்காவில், கான்சஸ் நகரிலுள்ள மிசௌரிப் பல்கலைக்கழகத்தில், டியானா மார்ட்டின் என்னும் அம்மையார் 1973-இல் இதனை ஒரு முறையாகவே வகுத்தார். ஒரு பாடத்தில் நன்கு தேறிய மாணவர் அப்பாட வகுப்பில் மீண்டும் அமர்ந்து, பின்னர் புதியவர்களைக் கூட்டி உரையாடுவார். அவர்கள் கடினமான பாடங்களைக் குறிவைத்தனரேயன்றி நலிந்த மாணவரைக் குறிவைக்கவில்லை. ஆதலின் அங்கே செல்வது எவருக்கும் இழிவாகத் தோன்றவில்லை. நம் பிள்ளைகள் கூச்சத்தாலேயே கேளாதிருப்பதைக் காணும்போது, இந்நுட்பம் மிகப் பெரிதென்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இந்தியாவில் சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் தொடங்கிய ‘இடியா’ இயக்கம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. சட்டக் கல்லூரி மாணவர்களே சிற்றூர்களுக்குச் சென்று வறிய பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, நுழைவுத் தேர்வுக்குப் பயிற்றுவித்தனர். கல்லூரியில் சேர்ந்த பின்னரும் வழிகாட்டிகளை அமர்த்தித் துணைநின்றனர். சேர்த்துவிட்டுக் கைவிடுவது பாதி வேலை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நம் நாட்டிலும் டாக்டர் தம்பிராஜா 1982-இல் தோற்றுவித்த ஸ்ரீ முருகன் நிலையத்தில், பல்கலைக்கழக மாணவர்கள் தொண்டர்களாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்துள்ளனர். பல்கலைக்கழகத்திற்குள் புகுந்த பின்னும் அத்தகைய துணை தொடர வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

மூத்தோர் என்றாலே பெற்றோர் சிலர் அஞ்சுவதும் காரணமின்றி அன்று. தமிழ்நாட்டில் 1996-இல் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், 1997-இல் ‘ரேகிங்’ தடைச் சட்டமே இயற்றப்பட்டது. புதியவரை ஏவி அவமதிப்பவர் வழிகாட்டி ஆகார். பிள்ளை அவ்வாறு சொன்னால் உடனே நிருவாகத்தினரிடம் முறையிடுக. இன்னொரு தீங்கும் உண்டு. அது இனிப்பாக வரும். தம் குறிப்பேட்டை அப்படியே கொடுத்து, “இதைப் படித்தால் போதும்” என்பவர் அன்புடையவரே. ஆயினும் அவர் பிள்ளையின் கையிலிருந்து கத்தியை வாங்கித் தாமே வெட்டிக் கொடுப்பவரை ஒப்பர். பட்டம் பெற்றபின் 9 மாதம் மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெறும்போது அக்குறிப்பேடு உதவாது.

பெற்றோராகிய உங்களால் ஆவதும் உண்டு. வாரந்தோறும் வீட்டுக்கு வரும்படி பிள்ளையை முதலாண்டிலே வற்புறுத்தாதீர்கள். மாணவர் குழுக்கள் கூடுவது பெரும்பாலும் வார இறுதியில்தான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து முன்னரே சட்டம் பயிலச் சென்றவர் இருந்தால், பல்கலைக்கழகம் திறக்குமுன்பே இருவரையும் அறிமுகப்படுத்தி வையுங்கள்.

அவ்வாறு வரும் மூத்த மாணவரிடம் உங்கள் காரியம் ஒன்றையும் கேட்கலாம். பருவமடையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்னும் விதி, 1971-இல் வெளியான ஒரு தீர்ப்பில் அரசாங்கப் பயிற்சி ஒப்பந்தத்துக்கும் பொருத்தப்பட்டது. எனினும் கல்வி இன்றியமையாத் தேவை என்பதால் நியாயமான தொகை செலுத்த வேண்டும் என்று மன்றம் கூறிற்று. பின்னர் 1976-இல் ஒப்பந்தச் சட்டம் திருத்தப்பட்டு, உபகாரச் சம்பள ஒப்பந்தங்களை வயதைக் காட்டித் தள்ள முடியாதென்று ஆயிற்று. எனவே பிள்ளை 18 வயது நிரம்பாதவன் என்ற காரணம் உங்களைக் காக்காது. பிணையாளராகக் கையொப்பமிடுமுன் அம்மாணவரை அருகில் வைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்: எத்தனை ஆண்டு பணி செய்ய வேண்டும், இடையில் படிப்பு நின்றால் திருப்பித் தரவேண்டிய தொகை எவ்வளவு, அதனைத் தவணையில் செலுத்த இடமுண்டா என்பனவற்றை அப்போதே கேட்டறியுங்கள்.