பனிமூட்டத்தில் ஓர் இழுவைப் படகு



சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றிய லாரி, குமுளி மலைப்பாதையில் இரவில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேகம் இறங்கி வழியை மறைத்துவிட்டால், கிளீனர் கீழே இறங்கிப் பாதையின் ஓரம் பார்த்துக் குரல் கொடுப்பார். ஓட்டுநர் அக்குரலைக் கேட்டு வண்டியை நகர்த்துவார். அந்த இரண்டாம் ஆளின் கூலியை வீண் செலவென்று மலைப்பாதை அறிந்த எவரும் சொல்லமாட்டார். ஆற்றில் சரக்குக் கொண்டு செல்லும் படகுகளிலோ அப்படிச் சொன்னவர்கள் உண்டு.

அப்படகுகளுக்கு இழுவைப் படகுகள் என்று பெயர். ஆயினும் அமெரிக்க நாட்டு ஆறுகளில் அவை பெரும்பாலும் இழுப்பதில்லை, தள்ளுகின்றன. இயந்திரம் இல்லாத இரும்பு மிதவைகள் பலவற்றைக் கம்பிவடத்தால் பிணைத்து, பின்னால் ஒரு சிறு படகைக் கட்டி உந்துவார்கள். படகு சிறிது, அது தள்ளும் பாரமோ பெரிது. சட்டம் நெடுங்காலம் படகின் அளவைப் பார்த்ததேயன்றிப் பாரத்தின் அளவைப் பார்க்கவில்லை. பெருங்கப்பல்களுக்கு விதித்த சோதனைகள் அக்காலத்தில் இவற்றுக்கு இருக்கவில்லை.

1993 செப்டம்பர் 22. அலபாமா மாநிலத்து மொபைல் ஆற்றில், 'மோவில்லா' என்னும் படகு ஆறு மிதவைகளைத் தள்ளிக்கொண்டு சென்றது. பின்னிரவு, அடர்ந்த பனிமூட்டம். படகில் ராடார் இருந்தது. அதைக் கொண்டு வழி அறியும் பயிற்சி, படகு செலுத்தியவருக்கு இல்லை. திசைகாட்டி இல்லை; ஆற்றின் வரைபடமும் இல்லை. வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் அன்று இல்லை! தாம் ஆற்றைவிட்டு விலகி ஒரு கிளைநீரில் புகுந்ததை அவர் உணரவில்லை. ராடார் திரையில் தெரிந்த உருவத்தை, கட்டி நிற்கத்தக்க வேறொரு மிதவை என்று எண்ணி நெருங்கினார். அது ரயில் பாலம்.

மோதிய வேகத்தில் பாலத்தின் ஒரு பகுதி மூன்றடிக்கு மேல் நகர்ந்தது. தண்டவாளம் வளைந்தது; ஆனால் அறுபடவில்லை. அறுபட்டிருந்தால் மின்சுற்று முறிந்து சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். பச்சை விளக்கை நம்பி, ஏறத்தாழ எட்டு நிமிடத்தில், 220 பேருடன் 'சன்செட் லிமிடெட்' ரயில் வந்தது. நியூ ஆர்லியன்ஸ் நிலையத்தில் பழுதுபார்ப்புக்காக அரைமணி நேரம் தாமதமான வண்டி அது. உரிய நேரத்தில் புறப்பட்டிருந்தால் மோதலுக்கு முன்பே பாலத்தைக் கடந்திருக்கும். 47 பேர் மாண்டனர். பலர் உறக்கத்தில் இருந்தவர்கள். அவர்களுக்கும் அப்படகுக்கும் என்ன தொடர்பு?

விசாரணை வாரியம் படகோட்டியை மட்டும் குறைகூறி நிற்கவில்லை. ராடார் பயிற்சி அற்றவரை அனுப்பிய நிறுவனத்தையும், உரிமத் தகுதியை உயர்த்தத் தவறிய கடலோரக் காவல் துறையையும் காரணமாகக் காட்டிற்று. இதுவே நேர்மையான முடிவு என்பேன். கருவியை வாங்கி வைப்பது எளிது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்குச் சம்பளம் கொடுப்பதிலேதான் கை சுருங்குகிறது.

ஆள்குறைவுக்கு 2008 ஜூலையில் நியூ ஆர்லியன்ஸ் அருகே நடந்ததைச் சொல்லலாம். தலைவர் படகை விட்டுச் சென்றுவிட, முழு உரிமம் பெறாத பயிற்சியாளர் ஒருவர் தனியே செலுத்திய படகின் எண்ணெய் மிதவை, ஒரு கப்பலின் குறுக்கே போய் இரண்டாகப் பிளந்தது. மிசிசிப்பியில் கலந்த எண்ணெய் சுமார் 2.8 லட்சம் காலன். இழுவைப் படகுகளையும் சோதனைக்கு உட்படுத்தும் சட்டம் 2004-இல் வந்தது. அதற்குரிய விதிகள் வெளிவர 2016 ஆயிற்று.

நம் நாட்டிலும் ஆற்றுவழிச் சரக்குப் போக்குவரத்து வளர்கிறது. கங்கையில் ஹால்தியாவிலிருந்து பிரயாக்ராஜ் வரை 1620 கிலோமீட்டர் நீர்வழி இருக்கிறது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயற்றப்பட்டது. கலத்தில் பணிபுரிவோரின் தகுதி, எண்ணிக்கை, கருவிகள் ஆகியவற்றுக்கு விதி வகுக்க அதில் இடம் உண்டு. உங்களுள் ஒருவர் நாளை அத்தகைய படகொன்றில் பணிக்குச் சேரலாம். அன்று இரவுக் காவலில் உடன் நிற்பவர் யார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.