கற்கால உணவும் தேகபலமும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஆண்டு விழா மேடையிலே சமயத்தைப் பற்றியும் மொழியைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவ்வாறிருக்க, தசையைப் பற்றியும் தட்டிலே கிடக்கும் சோற்றைப் பற்றியும் பேச நாம் முன்வந்தது சிலருக்கு வியப்பைத் தரலாம். சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பது முன்னோர் வாக்கு. 1897ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் வவுனியா வழியாக யாழ்ப்பாணம் சென்ற சுவாமி விவேகானந்தரும், இளைஞருக்கு முதலில் வேண்டுவது பலமே என்று வற்புறுத்தியவர். ஆதலால் இப்பொருள் இந்த மேடைக்குப் புறம்பானதன்று.

இன்று வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உடற்பயிற்சி நிலையங்கள் உண்டு. மாலை வேளைகளில் வாலிபர்கள் அங்கே சென்று இரும்பு தூக்குகிறார்கள். சந்தியிலே வீணே நின்று பொழுது போக்குவதிலும் இது ஆயிரம் மடங்கு நன்று. ஆயின் இரும்போடு கூடவே ஓர் உணவுக் கொள்கையும் வந்து சேர்ந்திருக்கின்றது. அதன் பெயர் 'பேலியோ'. கற்கால மனிதன் உண்டதையே உண்ண வேண்டும். சோறு, பிட்டு, பாண், பருப்பு, பயறு யாவும் விலக்கு. இறைச்சியும் மீனும் முட்டையும் காய்கனியும் கொட்டையுமே உணவு. அப்படி உண்டாற்றான் தசை திரளும் என்கிறார்கள். இதைக் கேட்ட எம் தம்பிமார் சிலர், அம்மா விடியற்காலையில் எழுந்து அவித்து வைத்த குரக்கன் பிட்டைத் தொடாமல் எழுந்து போகிறார்கள். அந்தப் பிட்டுக்காகவே இன்று பேச வந்தோம் எனினும் பிழையில்லை.

முதலில் இக்கொள்கையின் வரலாற்றைச் சிறிது அறிவோம். 1985ஆம் ஆண்டில் ஈற்றன், கொன்னர் எனும் இரு அமெரிக்க அறிஞர்கள், பழைய கற்கால மனிதரின் உணவைப் பற்றி ஒரு மருத்துவ சஞ்சிகையில் எழுதினர். மனிதனின் உடல் வேட்டையாடியும் காய்கிழங்கு சேகரித்தும் வாழ்ந்த நெடுங்காலத்திலே அமைந்தது. பயிர்ச்செய்கை தோன்றிப் பத்தாயிரம் ஆண்டு வரையிலேதான் ஆகின்றது. ஆகவே இக்கால உணவுக்கு அவ்வுடல் இன்னும் முற்றாக இணங்கவில்லை என்பது அவர்கள் கருத்தின் சாரம். 2002இல் லோரன் கோடெயின் என்பவர் எழுதிய நூல் இதனை உலகெங்கும் பரப்பிற்று. தமிழ்நாட்டிலே நியாண்டர் செல்வன் எனும் எழுத்தாளர் இதனைத் தமிழில் எழுதிப் பலருக்கு அறிமுகஞ் செய்தார். கோடெயின் பாலையும் தயிரையும் விலக்கினார். தமிழ்நாட்டிற் பரவிய முறையோ பாற்கட்டியையும் நெய்யையும் ஏற்றுக்கொண்டது. கற்காலம் ஒன்றாயினும் கற்கால உணவு இரண்டாயிற்று!

இக்கொள்கையில் நன்மை இல்லையா? உண்டு. சீனியை விடு, போத்தலில் அடைத்த இனிப்புப் பானத்தை விடு, பெட்டியிலும் பையிலும் வரும் பொரியல்களை விடு, காய்கனியை மிகுதியாக உண் என்று அது சொல்லுகின்றது. இதை மறுப்பார் யார்? நீரிழிவு வீடுதோறும் புகுந்துள்ள இந்நாளில் இவ்வறிவுரையை இரு கைகளாலும் ஏற்க வேண்டும்.

ஆனால் கற்கால மனிதன் உண்மையில் எதை உண்டான்? இதை அறிய நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. இலங்கையின் வரலாற்றுக்கு முந்திய காலத்தை ஆராய்ந்த அறிஞர்கள், பழைய கற்கருவிகள் கிடைக்கும் நிலப்படிவு ஒன்றை எமது இரணைமடுவின் பெயராலேயே 'இரணைமடுப் படிவு' என வழங்குகின்றனர். தெற்கே களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கலைக் குகையிலே ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள், குரங்கையும் பெரிய மர அணிலையும் வேட்டையாடி உண்டனர் என்று 2019இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. இதுவே எம் தீவின் அசல் கற்கால உணவு! எம் வாலிபரில் எவராவது குரங்கிறைச்சிக்கு ஆயத்தமா? மானும் மரையும் தேடிக் காட்டுக்குப் போகலாமெனின், அவற்றை வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். ஆகவே கற்கால உணவு என்று நாம் வாங்குவது பண்ணைக் கோழியைத்தான். அந்தக் கோழியைக் கற்காலத்தவன் கண்டதேயில்லை.

தானியத்தைக் கற்கால மனிதன் அறியான் என்பதும் சரியன்று. மிஷன் பாடசாலையிலே வேதபாடத்திற் கேட்ட கலிலேயாக் கடலின் கரையில், ஏறக்குறைய 23,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குடியிருப்பொன்றை அகழ்ந்தபோது, காட்டு வாற்கோதுமையை அரைத்த கல் கிடைத்தது. யோர்தான் நாட்டிலே 14,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அடுப்பொன்றில் ரொட்டியின் கரிந்த துண்டுகள் கிடைத்தன. உழவுக்கு முன்னரே மனிதன் தானியத்தை இடித்தும் அரைத்தும் சுட்டும் தின்றிருக்கின்றான். அவனவன் தன் நிலம் தந்ததை உண்டான். கற்காலத்திலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் அதுவே என்பது எம் எண்ணம்.

இனித் தசை எவ்வாறு வளர்கின்றது என்று பார்ப்போம். எமது உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு பழைய கிரேக்கக் கதை சொல்லுவார். மைலோ என்னும் மல்லன் ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தோளில் தூக்கி நடந்தானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்து, ஈற்றில் முழுக் காளையையே தூக்கினானாம். கதை எவ்வாறாயினும் விதி அதுதான். பாரம் படிப்படியாக ஏற வேண்டும்.

எம் வன்னி மண்ணிலே நெல்மூட்டை தூக்குவோர் எத்தனையோ பேர். அவர்கள் பலசாலிகள், ஆயினும் படத்திலே காணும் பயில்வானைப் போற் பருத்திருப்பதில்லை. ஏன்? ஒரே பாரத்தையே ஆண்டுதோறும் தூக்குகிறார்கள், செய்யும் வேலைக்குப் போதிய உணவில்லை, ஓய்வுமில்லை. பாரம் ஏறுதல், உணவு, உறக்கம் ஆகிய மூன்றும் கூடினாலன்றித் தசை வளராது. கடும் பயிற்சி தசைநார்களைத் தூண்டுகின்றது. அடுத்த ஒன்றிரண்டு நாட்களில், நாம் உண்ட புரதத்தைக் கொண்டு உடல் அவற்றை முன்னிலும் தடிப்பாகக் கட்டுகின்றது. ஆகவே ஒரு தசைக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட் பயிற்சி போதும். ஒரு பயிற்சியை எட்டு முதல் பன்னிரண்டு தடவை செய்து இளைப்பாறி, அவ்வாறு மூன்று முறை செய்யலாம். பன்னிரண்டும் இலகுவாகும் நாளிலே பாரத்தைச் சிறிது கூட்ட வேண்டும். இரவில் ஏழெட்டு மணி நேரம் உறங்க வேண்டும்.

இதற்குப் பளபளக்கும் இயந்திரம் கட்டாயமில்லை. உரப்பையிலே மணலை நிரப்பிக் கட்டினால் அதுவே பாரம். இருபது கிலோவிலே தொடங்கி வாரந்தோறும் ஒரு சுண்டு மணலைக் கூட்டலாம். பழைய தகரப் பேணி இரண்டிலே சீமெந்தை வார்த்து நடுவே குழாயைச் செருகினால் அது தூக்குகோல். தமிழ்நாட்டிலே திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் இன்றும் உண்டு. உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்கு மேலாக எறிந்தவனே வீரன். எம்மவர்க்குத் தண்டாலும் கரலாக்கட்டையும் புதியனவல்ல.

இனி உணவின் கணக்கு. பாரந்தூக்கிப் பயில்பவருக்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம் வரை புரதம் பயன்படும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 60 கிலோ நிறையுள்ள வாலிபருக்கு இது ஏறக்குறைய 96 கிராம். இதைக் கேட்டதும் மாவுப் பேணிக்குக் கை நீள்கிறது. சற்றுப் பொறுங்கள். காலையிலே 100 கிராம் குரக்கன் மாவிற் பிட்டு, 7 கிராம். இரண்டு முட்டை, 12. மதியம் 150 கிராம் அரிசிச் சோறு, 10. 100 கிராம் மீன், 20. 40 கிராம் பருப்பு, 10. மாலையிலே 60 கிராம் பயறு அவித்தால் 14. 50 கிராம் கச்சான், 12. இரவு 100 கிராம் அரிசி, 7. ஒரு கோப்பை தயிர், 7. கூட்டிப் பாருங்கள்: 99 கிராம்! மரக்கறி உணவினர் மீனுக்கும் முட்டைக்கும் பதிலாக 50 கிராம் சோயா மீற்றும் ஒரு கிளாஸ் பாலும் சேர்த்தால் கணக்குச் சரியாகும். கொல்லாமை காப்பவர் பலவீனராக இருக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை.

இவற்றிலே எது எம் மண்ணில் இல்லை? வவுனியாவின் உழுந்தும் பயறும், முல்லைத்தீவின் கச்சானும் கடல்மீனும், குளத்து மீனும், பட்டிமாட்டுத் தயிரும், வேலியோரத்து முருங்கையும் எம்முடையவை. 100 கிராம் பாதாமில் உள்ள புரதம் 21 கிராம் வரை. அதே அளவு கச்சானில் 25 கிராம். விலையைக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பேலியோ கச்சானை அவரை இனமென்று விலக்குகின்றது. எம் சட்டைப்பையோ பாதாமை விலக்குகின்றது.

சோறுண்டு பயில்வான் ஆனவர் உண்டா என்று கேட்கலாம். வங்காளத்து மனோகர் ஆயிக் அவர்களைச் சொல்லுவோம். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. சிறையிலே இருந்தபோதும் பயிற்சியைக் கைவிடாதவர். 1952ஆம் ஆண்டு இலண்டனில் தம் பிரிவிலே 'மிஸ்டர் யூனிவேர்ஸ்' பட்டம் வென்றார். சோறும் பருப்பும் மீனும் பாலும் மரக்கறியும் பழமுமே அவருடைய உணவு. நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2016இல் மறைந்தார்.

நாம் சும்மா பேசவில்லை. பல்கலைக்கழகத்திலே நாம் மூவர் சேர்ந்து மூன்று மாதம் சோற்றை விட்டுப் பார்த்தோம். முதல் இரு வாரத்திலே நிறை விரைவாகக் குறைந்தது, மகிழ்ந்தோம். தசையிலே சேமித்திருக்கும் மாச்சத்துக் குறையும்போது அதனோடு கூடிய நீரும் வெளியேறுகின்றது என்பதைப் பின்னரே படித்தோம். இரண்டாம் மாதத்திலே முன்பு பத்துத் தடவை தூக்கிய பாரத்தை ஆறு தடவைக்கு மேல் தூக்க இயலவில்லை. மூன்றாம் மாதத்திலே கைக்காசு தீர்ந்தது. அத்தோடு முடிந்திருந்தால் அதைச் சிரித்து மறந்திருப்போம்.

மூவரில் ஒருவர், இறைச்சியோடு புரத மாவையும் இரட்டிப்பாகக் கரைத்துக் குடித்து வந்தார். அவருடைய தந்தையார் சிறுநீரக நோயால் மறைந்தவர். தாயாரின் வற்புறுத்தலுக்காகவே ஆஸ்பத்திரிக்குச் சென்று இரத்தமும் சிறுநீரும் சோதித்தார். அவருடைய சிறுநீரகமும் பழுதடையத் தொடங்கியிருந்தது. எப்போது தொடங்கியதென்று எவராலும் சொல்ல இயலவில்லை. நோவில்லை, வீக்கமில்லை, இருபத்திரண்டு வயது. புரதத்தைக் குறைக்கும்படி டொக்டர் பணித்தார். அவருடைய இசைவோடுதான் இதை இச்சபையிலே சொல்லுகிறோம்.

அன்பர்களே, இது எம் நிலத்தின் துயரம். வடமத்திய மாகாணத்திலே 1990களிலிருந்து அறியப்பட்டு வரும், காரணம் முற்றாகத் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் இருக்கின்றது. ஆரம்பத்திலே அது வெளியே தெரியாது. நல்ல சிறுநீரகம் உடையவருக்கு நாம் சொன்ன அளவு புரதம் கேடு செய்வதாகத் தெரியவில்லை. பழுதுபட்ட சிறுநீரகத்துக்கோ மிகுந்த புரதம் சுமை. வேறெங்கோ இருந்து, எம்மைக் காணாத ஒருவர் சொல்லும் உணவுமுறை, எம் நிலத்தின் இந்த நோயை அறியாது. ஆகையால் பாரந்தூக்கத் தொடங்குமுன், அதிலும் குடும்பத்திலே இந்நோய் கண்டவர் கட்டாயமாக, இரத்தத்திலே கிரியற்றினினையும் சிறுநீரிலே புரதத்தையும் சோதியுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியிலே இதற்குக் காசில்லை. வெயிலிலே வேலை செய்து வந்து, தண்ணீர் குடியாமல் பயிற்சிக்குப் போகாதீர்கள். எவரோ தரும் பெயரறியா ஊசியையும் குளிசையையும் தொடவே தொடாதீர்கள்.

எம் சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வரும் ஆண்டிலே சங்க மண்டபத்தின் பின்புறத்திலே ஒரு கொட்டில் போடுவோம். மணற்பைகளும் சீமெந்துப் பாரங்களும் நாமே செய்வோம். சேரும் ஒவ்வொருவரையும் முதல் நாளிலே சோதனைக்கு அழைத்துச் செல்வோம். பயிற்சி முடிந்ததும் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் பகிர்ந்துண்போம். எம் நண்பரும் இதற்கு இசைந்துள்ளார். டொக்டர் அனுமதித்த இலேசான பாரத்தை அவர் இன்றும் தூக்கி வருகின்றார். கொட்டிலின் கணக்குப் புத்தகத்தை அவரே வைத்திருப்பார். சோதனைக்குப் போகாதவரின் பெயரை அதிலே எழுதமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

தம்பிமாரே, போருக்கும் இடம்பெயர்வுக்கும் பின் தழைத்த தலைமுறை நாம். எம்மைப் பெற்றோர் கஞ்சிக்கு வரிசையிலே நின்ற காலத்தை நாம் மறக்கலாகாது. நாளை விடியலிலே அம்மா குரக்கன் பிட்டை அவித்து வைப்பார். இருந்து உண்டுவிட்டு வாருங்கள், பாரம் காத்திருக்கும்.