உண்ண அஞ்சும் பிள்ளையும் உடனமரும் குடும்பமும்



புகழனைத்தும் வல்லவன் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



இன்றைய உரையை எனது தவறு ஒன்றிலிருந்து தொடங்குகின்றேன். சில வருடங்களுக்கு முன்னர் எனது மார்க்க வகுப்புக்கு வந்த பதினாறு வயது மாணவி ஒருத்தி, திங்கள், வியாழன் தோறும் ஸுன்னத்தான நோன்பு நோற்று வந்தாள். பின்னர் ஏனைய நாட்களிலும் நோற்கலானாள். அவளை வகுப்பு முழுவதற்கும் முன்மாதிரியாக எடுத்துரைத்தேன். மாதங்கள் சில கழிந்தன. ஒரு ஜும்ஆவுக்குப் பின் அவளது வாப்பா தண்ணீர்ப் போத்தலோடு வந்து நின்றார். "மௌலவி, பிள்ளை ஒன்றும் சாப்பிடுகிறாளில்லை. கண்ணூறோ தெரியாது. இதில் ஓதித் தாருங்கள்" என்றார். ஓதிக் கொடுத்தேன்; வைத்தியரிடமும் அழைத்துச் செல்லும்படி கூறினேன். அங்கேதான் உண்மை வெளிப்பட்டது. உண்ணாதிருப்பதை யாரும் கேள்வி கேளாதபடி மறைக்கும் திரையாக நோன்பு அவளுக்கு ஆகியிருந்தது. அந்தத் திரையை மேலும் கனமாக்கியவன் நான்.

மருத்துவர்கள் இதனை உண்ணல் கோளாறு என்கின்றனர். எடை கூடிவிடும் என்ற பேரச்சத்தால் உணவைக் குறைத்துக்கொண்டே செல்வது ஒரு வகை. அதற்கு அனொரெக்ஸியா என்று பெயர். கட்டுப்பாடின்றி உண்டுவிட்டு, பின்னர் வாந்தியெடுத்து வெளியேற்றுவது புலிமியா. ஆண் பிள்ளைகளுக்கும் இது ஏற்படுகின்றது. இது பிடிவாதமன்று, ஈமானின் குறைபாடுமன்று, தாயின் வளர்ப்புக் குற்றமுமன்று. வேகமாக மெலிதல், மாதவிலக்கு நின்றுபோதல், எந்நேரமும் குளிர்தல், தலைசுற்றல், உண்டவுடன் குளியலறைக்கு விரைதல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது வைத்தியரை நாடுங்கள். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ ஏற்பட்டால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறைய ஊட்டுவதும் ஆபத்தானது. அளவை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

"சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு மணிநேரம் இருக்கிறாள், எரிந்து விழுகிறாள்" என்று தாய்மார் முறையிடுகின்றனர். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. போரினால் பட்டினியுற்ற மக்களுக்கு மீண்டும் எவ்வாறு உணவளிப்பது என்பதை அறிய, உடலாலும் உள்ளத்தாலும் ஆரோக்கியமான 36 ஆண்கள் தாமாக முன்வந்தனர். ஏறக்குறைய ஆறு மாதங்கள் அவர்களது உணவு பாதியளவுக்குக் குறைக்கப்பட்டது. அவர்களும் சிறிய உணவை வைத்து நெடுநேரம் அளைந்தார்கள், சமையல் நூல்களைச் சேகரித்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். ஆகவே, உங்கள் பிள்ளையின் வாயிலிருந்து வரும் கடுஞ்சொற்களிற் பல, பட்டினி பேசும் சொற்களே.

நேயர்களே! மதீனாவில் ஸல்மான் (ரழி), அபுத் தர்தா (ரழி) ஆகிய இருவரையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஒருநாள் தம்மைச் சந்திக்க வந்த ஸல்மானுக்கு அபுத் தர்தா உணவு பரிமாறி, தாம் நோன்பாளி என்றார். அவர் உண்ணாதவரை தாமும் உண்ணப் போவதில்லை என ஸல்மான் கூறவே, அபுத் தர்தா தமது ஸுன்னத்தான நோன்பை விட்டு உடன் உண்டார். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய கடமைகளை அவரவர்க்கு வழங்குமாறு ஸல்மான் அறிவுறுத்தியதை நபியவர்கள் சரிகண்டார்கள். இது புகாரியில் பதிவான சம்பவம்.

இதைக் கேட்டுவிட்டு, "நீ தின்னாவிட்டால் உம்மாவும் தின்னமாட்டேன்" என்று பிள்ளையை மிரட்டக் கிளம்பிவிடாதீர்கள். குற்றவுணர்ச்சி இந்நோயை வளர்க்கும். ஸல்மான் உடனமர்ந்தார் என்பதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பச் சிகிச்சை முறையும், உணவூட்டும் பொறுப்பைச் சிறிது காலம் பெற்றோரிடமே ஒப்படைக்கின்றது. என்ன, எவ்வளவு என்பதை வைத்தியரின் ஆலோசனையோடு முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். சாப்பாட்டு வேளையில் பேரம் பேச வேண்டாம். மூன்று வேளை உணவும் இடையிடையே சிற்றுணவும் நேரந்தவறாது அமையட்டும். தட்டின் முன் எடையையும் கொழுப்பையும் பற்றிப் பேசாதீர்கள். தம்பியின் கிரிக்கெட்டைப் பேசுங்கள். அவள் தயங்கினால், "கஷ்டம் என்று தெரியும் மகள், நான் இருக்கிறேன், அடுத்த வாயை எடுங்கள்" எனத் தாழ்ந்த குரலில் கூறுங்கள். உண்டு முடித்ததும் அவளைத் தனியே விடாது ஒரு மணிநேரமாவது தையலிலோ கதையிலோ ஈடுபடுத்துங்கள். அச்சம் மிகுவது அப்போதுதான். தேறி வரும் பிள்ளையிடம், "மாஷா அல்லாஹ், உடம்பு வைத்துவிட்டதே!" என்று கூறும் மாமிமாரை வாசலிலேயே எச்சரித்து விடுங்கள். அன்பினாற் கூறப்படும் அந்த ஒரு வாக்கியம் ஒரு மாத முயற்சியைக் கெடுத்துவிடலாம்.

நம்மவரது ஸஹன் சாப்பாட்டையும் இங்கு குறிப்பிட வேண்டும். ஐந்தாறு பேர் ஒரே தாலத்தில் உண்ணும்போது யார் எவ்வளவு உண்டார் என்பது தெரிவதில்லை. நோயுற்ற பிள்ளைக்கு அது அச்சமாகவும் இருக்கலாம், ஒளிந்துகொள்ளும் இடமாகவும் இருக்கலாம். தனித்தட்டு வைத்தால் ஸுன்னத்து போய்விடுமே என்று கலங்க வேண்டாம். சேர்ந்து உண்பதிலும் தனித்தனியே உண்பதிலும் குற்றமில்லை என ஸூறத்துந் நூரின் 61ஆம் வசனம் அனுமதிக்கின்றது.

ரமழானைப் பொறுத்தவரை, நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை வழங்கியுள்ளான். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து எனில் நோன்பு நோற்பதே கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தெளிவான தீர்ப்பு. குணமடைந்த பின் கழாச் செய்யலாம். எனினும், எல்லோரும் நோன்பிருக்கும் வீட்டில் பகலில் தனியே உண்பதென்பது அப்பிள்ளைக்குப் பெருஞ்சோதனை. மாதவிலக்கான பெண்கள் நம் வீடுகளில் குசினிக் கதவை மூடிக்கொண்டு அவசரமாக உண்கின்றனர். அவர்கள் அந்தப் பிள்ளையோடு அமரலாம். ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு நோன்பாளித் தாயும் பக்கத்தில் இருக்கலாம். அதனால் நோன்புக்குக் குறை வராது.

அடுத்த ரமழானுக்குச் சில நாட்களின் முன் அந்த வாப்பா மீண்டும் வந்தார். இம்முறை கையில் போத்தல் இல்லை. மகள் நோன்பு நோற்கக் கூடாதென்று வைத்தியர் கூறிவிட்டார், பகலில் அவளோடு உண்பதற்கு ஆளில்லையே என்றார். வீட்டில் யார் யார் இருக்கின்றீர்கள் என வினவினேன். நீரிழிவினால் நோன்பு நோற்க இயலாத உம்மம்மா இருப்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அந்த மாதம் முழுவதும் நண்பகல் பாங்குக்குப் பின், அறைக்குள் பாய் விரித்து, எழுபது வயதும் பதினேழு வயதும் எதிரெதிரே அமர்ந்து உண்டனவாம். பேத்தி ஒரு வாய் எடுக்கும் வரை உம்மம்மா தமது கதையை நிறுத்திக்கொள்வாராம்.