ராத்திரிச் சாப்பாடு நம் வீட்டு அடுப்பிலேயே

(நம் அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ராத்திரிக்கு என்ன சமைப்பது? இன்று நாம் பேசப்போவது இதைப் பற்றித்தான். இதற்கெல்லாம் ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நம் அறக்கட்டளைக்கு வரும் உதவி மனுக்களில் மருத்துவச் செலவுக்கான மனுக்களே நம்மை அதிகம் கலங்க வைக்கின்றன. காலில் ஆறாத புண், சிறுநீரகக் கோளாறு, மாரடைப்பு என்று வருகிறவர்களின் கதையைக் கேட்டால், பல நேரம் அதன் வேர் சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் போய் நிற்கிறது. நோய் முற்றிய பிறகு உதவுவதும் நம் கடமைதான். அது வராமல் காப்பதோ அதைவிட லேசான வேலை, செலவும் குறைவு.

நம் ஊர்ப் பக்கத்து நிலைமையை முதலில் பார்ப்போம். நம்மில் பலர் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், ஆவடியிலும், நகரத்துக் கடைகளிலும் வேலை செய்கிறோம். மின்சார ரயிலைப் பிடித்து அண்ணனூரில் இறங்கி வீடு வந்து சேர இரவு 8 மணி, 9 மணி ஆகிவிடுகிறது. காலைப் பசியாறல் அவசரத்தில் போகிறது. மதியம் டப்பாவில் கட்டிக்கொண்டு போன சோறு. குடும்பம் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வாய்ப்புள்ள ஒரே வேளை ராத்திரிதான். அந்த வேளையைத்தான் நாம் பார்சலுக்குக் கொடுத்துவிடுகிறோம். வரும் வழியில் பரோட்டாக் கடை இருக்கிறது, ஃபாஸ்ட் ஃபுட் வண்டி இருக்கிறது. இரண்டு பார்சல், ஒரு சிக்கன் 65 என்று வாங்கினால் அன்றைய கவலை தீர்ந்தது.

இதைச் சோம்பேறித்தனம் என்று நாம் சொல்ல மாட்டோம். நாள் முழுக்க உழைத்துக் களைத்த உடம்புக்கு அடுப்படி மலையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆகவே பார்சல் வாங்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. களைத்து வந்தவரும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் செய்யக்கூடிய சாப்பாடு எது, அதை யார் யார் சேர்ந்து செய்வது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏன் இவ்வளவு அக்கறை என்பதற்குச் சில கணக்குகள். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றும் அது சொன்னது. அதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-ல் வந்தது. நாம் சாப்பிடும் சக்தியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். பருப்பு, முட்டை, மீன், காய் எல்லாம் தட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன.

அந்த ஆய்வில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. அரிசியை விட்டுவிட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் போதாது, மாவுச்சத்தின் மொத்த அளவு குறைந்து அந்த இடத்தில் பருப்பு, பால், தயிர் போன்றவை வரவேண்டும் என்கிறது. டாக்டர் சோறு வேண்டாம் என்றார் என்பதற்காக எண்ணெய் விட்டுச் சுட்ட ஆறு சப்பாத்தியை உருளைக்கிழங்கு குருமாவுடன் சாப்பிட்டால் பெயர்தான் மாறும், சர்க்கரை குறையாது.

தட்டை எப்படி நிரப்புவது? பாதித் தட்டு காயும் கீரையும். கால் தட்டு பருப்பு, பயறு, முட்டை, மீன் அல்லது தோல் நீக்கிய கோழி. மீதிக் கால் தட்டுதான் சோறு அல்லது சப்பாத்தி. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், சோறு தானாகவே குறையும்.

இதற்கு ஓட்ஸும், விலை கூடிய டப்பா உணவும் தேவையே இல்லை. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சமைப்பவற்றிலேயே வழி இருக்கிறது. நான்கு சாப்பாடுகளைச் சொல்கிறோம். அளவுகள் நான்கு பேருக்கு.

முதலாவது, நோன்புக் கஞ்சி. ரமளானில் முப்பது நாளும் வயிற்றுக்கு இதமாக இருந்த கஞ்சியைப் பெருநாளோடு ஏன் மறந்துவிடுகிறோம்? அரை டம்ளர் அரிசி நொய் அல்லது கோதுமை ரவை, முக்கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், இரண்டு டம்ளர் நறுக்கிய கேரட், பீன்ஸ், தக்காளி. வெங்காயம், இஞ்சி பூண்டு, புதினா, மல்லி. இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கி, ஏழு டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஐந்து விசில். தேங்காய்ப்பால் வேண்டுமானால் கடைசியில் கொஞ்சம். ஆளுக்கு ஒரு அவித்த முட்டை சேர்த்துவிட்டால் முழுச் சாப்பாடு. பஜ்ஜியும் வடையும் மட்டும் கூட வரவேண்டாம்.

இரண்டாவது, தால்சா. கல்யாண வீட்டில் பிரியாணிக்குத் துணையாக வருகிற தால்சாவை வீட்டில் தலைமைச் சாப்பாடாக ஆக்கிவிடலாம். ஒரு டம்ளர் துவரம் பருப்பு அல்லது கடலைப் பருப்பு, அரைக் கிலோ சுரைக்காயும் கத்தரிக்காயும், மாங்காய் கிடைத்தால் மாங்காய், இல்லையென்றால் கொஞ்சம் புளி. எலும்புக்கறி இருந்தால் போடலாம், இல்லாவிட்டாலும் ருசி குறையாது. கெட்டியாகச் செய்து, இரண்டு சப்பாத்தியோ ஒரு கிண்ணம் சோறோ வைத்துக்கொண்டால் போதும். ரேஷன் கடையில் வாங்கும் துவரம் பருப்பே இதற்கு ஆகும்.

மூன்றாவது, மீன். வஞ்சிரம்தான் மீன் என்று நினைக்க வேண்டாம். விலை குறைந்த மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும்தான் இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருக்கிறது. மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, எலுமிச்சைச் சாறு தடவி, தோசைக்கல்லில் மூன்று தேக்கரண்டி எண்ணெய் விட்டு மூடி போட்டு வேக வையுங்கள். சட்டி நிறைய எண்ணெயில் முக்கி எடுக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு கீரைக் கூட்டு, கொஞ்சம் சோறு.

நான்காவது, அடை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே ஒரு டம்ளர் இட்லி அரிசியையும், கடலைப் பருப்பு, துவரம் பருப்பு, பாசிப்பருப்பு கலந்து ஒன்றரை டம்ளரையும் ஊறப் போட்டுவிடுங்கள். மாலையில் காய்ந்த மிளகாய், சோம்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் புளிக்க வைக்காமலே சுடலாம். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும் வெங்காயமும் மாவில் சேருங்கள்.

அடுத்தது எண்ணெயும் உப்பும். இதற்கு வீட்டிலேயே ஒரு சுலபமான சோதனை உண்டு. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய், அதாவது சுமார் ஆறு தேக்கரண்டி. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர் என்று வருகிறது. உப்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாள் வரவேண்டும்.

ஆகவே அடுத்த முறை எண்ணெயும் உப்பும் வாங்கும்போது பாக்கெட்டின் மேல் தேதியை எழுதி வையுங்கள். எப்போது தீர்கிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டுக் கணக்கை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை, அந்தப் பாக்கெட்டே சொல்லும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைச் சாப்பாடு இவற்றிலுள்ள உப்பும் எண்ணெயும் இதற்கு மேல் என்பதை மறக்க வேண்டாம். ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரிக்காதீர்கள். டால்டாவை வீட்டுக்குள் விடாமலிருப்பதே நல்லது.

நேரமும் முக்கியம். சென்னையில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. வீட்டிலிருக்கும் பிள்ளைகளும் பெரியவர்களும் அந்த இடைவெளியில் சாப்பிட்டுவிடலாம். பிறகு ஆண்கள் இஷாவுக்குப் பள்ளிவாசலுக்கு நடந்தே போகலாம். பெண்கள் மாடியிலோ தெருவிலோ பத்து நிமிடம் நடக்கலாம். சாப்பிட்ட பிறகு நடக்கும் சிறு நடை, இரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக ஏறுவதைத் தடுக்கிறது. வேலைக்குப் போய்த் தாமதமாக வருகிறவர், வந்ததும் அளவாகச் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் படுக்கட்டும். சாப்பிட்ட கையோடு படுக்கக்கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கவோ விடவோ கூடாது. நடு இரவில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அது உயிருக்கே ஆபத்து.

இப்போது சகோதரர்களிடம் ஒரு வார்த்தை. ஆரோக்கியமாகச் சமைக்க வேண்டும் என்று நாம் பேசும் ஒவ்வொன்றும் கடைசியில் ஒரு பெண்ணின் தோளில்தான் போய் விழுகிறது. அவளும் வேலைக்குப் போய்விட்டு வந்திருக்கலாம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் களைத்திருக்கலாம். நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் சொன்னதாக புகாரியில் பதிவாகியிருக்கிறது. வெங்காயம் உரிப்பதும் காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் ஆண்களின் கண்ணியத்தைக் குறைத்துவிடாது. மகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் சமையலை மகனுக்கும் சொல்லிக் கொடுங்கள். நாளை அவன் வெளியூரிலோ வளைகுடாவிலோ தனியாக இருக்கும்போது அது அவன் உடம்பைக் காக்கும்.

இன்னொன்றும் உண்டு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சமிருக்கும் சோற்றையும் அடிக்குழம்பையும் சாப்பிட்டுப் படுக்கிறவர் யார்? நம் உம்மாவும், நம் மனைவியும்தான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கும் மேல் இரத்தசோகை இருக்கிறது. மீன் துண்டையும் முட்டையையும் பங்கு வைக்கும்போது சமைத்தவருக்கும் முதலிலேயே எடுத்து வையுங்கள். ஒரே ஸஹனில் எல்லோரும் சேர்ந்து உண்ணும் பழக்கம் நம்முடையது. அந்தப் பழக்கம் விருந்தோடு நின்றுவிடாமல் வீட்டிலும் இருந்தால், யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கீரையோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அது தடைப்படும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

விருந்தையும் பிரியாணியையும் நாம் மறுக்கவில்லை. அவை நம் மகிழ்ச்சியின் அடையாளங்கள். பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் உரியது அன்றாடச் சாப்பாடாக ஆகிவிடக்கூடாது என்பதே நம் வேண்டுகோள். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்து திருக்குர்ஆனின் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழி திர்மிதீயில் இருக்கிறது. அளவைப் பற்றி நாம் புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை.

முடிவாக, ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. வரும் வாரத்தில் மூன்று இரவுகள் மட்டும். அந்த மூன்று இரவும் பார்சல் வேண்டாம், பொரித்தது வேண்டாம். மேலே சொன்ன நான்கில் ஏதாவது மூன்றை வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து சமையுங்கள். 30 வயதைத் தாண்டியவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனை இலவசம். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்கள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்களிடம் பதிவு செய்துகொண்டால் மாத்திரை வீடு தேடி வரும். அக்கம்பக்கத்தில் தனியாக இருக்கும் முதியவர் யாராவது இருந்தால், அன்றைய கஞ்சியில் ஒரு கிண்ணம் அவருக்கும் போகட்டும்.

நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்வது கடனும் நோயுமாக இல்லாமல், நல்ல உடம்பும் நல்ல பழக்கமுமாக இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. நம் எல்லோருடைய ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.