நெடுந்தூர ஓட்டத்தின் பின்னர்

மரதன் ஓட்டம் 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும் கொண்டது. பழைய கணக்கிற் சொல்வதாயின் 26 மைலும் 385 யாரும் ஆகும். இத்தூரத்தை ஓடி முடித்தவன் எத்தனை மணித்தியாலத்தில் முடித்தான் என்பதை உலகம் ஆவலோடு கேட்கின்றது. மறுநாட் காலையில் அவன் எவ்வாறு மாடிப்படி இறங்கினான் என்று கேட்பார் இல்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முகத்தை மேற்படியை நோக்கித் திருப்பி, பின்புறமாக ஒவ்வொரு படியாய் இறங்கும் ஓட்டவீரர் பலர். படி ஏறுவதில் அத்துணைத் துன்பமில்லை, இறங்குவதிலேதான் துன்பமெல்லாம்.

இதற்குக் காரணம் உண்டு. ஓடுபவனின் கால் நிலத்தில் ஊன்றுந்தோறும் தொடையின் முன்புறத் தசை உடலின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கின்றது. சுருங்க முயலும் தசை பலவந்தமாக நீட்டப்படும்போதே அதன் நுண்ணிய இழைகள் சிதைவுறுகின்றன. மரதன் ஓட்டத்தில் இவ்வூன்றல் பல்லாயிரம் முறை நிகழ்கின்றது. ஓடியவர்களின் தசையில் ஒரு சிறு துணுக்கை எடுத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கிய ஆராய்ச்சியாளர், ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டிய இழைகள் குலைந்து கிடப்பதைக் கண்டனர். தசையினுள் இருக்க வேண்டிய சில நொதியங்கள் குருதியிற் கசிந்திருப்பதையும் வைத்தியர் அளந்தறிவர். இவற்றோடு, தசையும் ஈரலும் சேமித்து வைத்திருந்த கிளைக்கோசன் என்னும் எரிபொருளும் பெரும்பாலும் தீர்ந்துபோகின்றது. சோறு, கிழங்கு முதலிய மாப்பொருள் உணவை நன்கு உண்டால் இச்சேமிப்பு சில நாட்களில் மீண்டும் நிறையும். தசையின் சிதைவோ அவ்வளவு விரைவில் ஆறுவதன்று. அதற்கு வாரங்கள் செல்லும்.

இங்கேதான் ஓட்டவீரன் ஏமாறுகிறான். நோவு ஏறக்குறைய ஒரு வாரத்தில் நீங்கிவிடுகின்றது, பழுது நீங்கவில்லை. நோவு போனதும் எல்லாம் சரியாயிற்று என்று எண்ணி, முன்போல் விரைந்தோடப் புறப்படுபவன், இரண்டாம் மூன்றாம் வாரத்திற் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான்.

உடலின் செய்தி இது. உள்ளத்தின் செய்தி வேறு. ஆறு மாதமாக ஒருவன் விடியுமுன் எழுந்ததும், விருந்துகளைத் தவிர்த்ததும், நேரத்தோடு படுக்கைக்குச் சென்றதும் ஒரு நாளைக் குறித்தே. அந்த நாள் கடந்துவிட்டது. பதக்கம் சுவரில் தொங்குகின்றது. அயலவர் இரண்டு நாள் வியந்து பேசி ஓய்ந்துவிட்டனர். மூன்றாம் நாள் விடியற்காலையிற் கண் விழிக்கின்றது. எழுவதற்கு ஒரு காரணமும் இல்லை. மகிழ வேண்டிய வேளையில் மனம் ஏன் இருண்டு கிடக்கின்றது என்று அவனுக்கே விளங்குவதில்லை. கலியாண வீட்டிற் பந்தல் பிரித்த மறுநாள் நிலவும் வெறுமையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. வென்றவர்க்கும் இது வரும். தோற்றவர்க்கு இதனோடு வெட்கமும் சேர்ந்து வரும்.

இங்கிலாந்து தேசத்தவரான ஜிம் பீற்றர்ஸ் என்பவரின் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. மூக்குக்கண்ணாடி அமைத்துக் கொடுக்குந் தொழிலால் வாழ்ந்தவர் அவர். 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் 10,000 மீற்றர் ஓட்டத்திற் கலந்துகொண்டார். செக்கோஸ்லோவாக்கிய வீரர் எமில் சாற்றோபெக் அன்று இருவரைத் தவிர ஏனையோர் யாவரையும் ஒரு முழுச் சுற்றுப் பின்னே விட்டு வென்றார். அவ்வாறு விடப்பட்டவர்களுள் பீற்றர்ஸும் ஒருவர். தம் நாட்டு மக்கள் முன்னிலையில் நேர்ந்த இந்நிலையால் மனமுடைந்த அவர், ஓட்டத்தையே விட்டுவிட எண்ணினார். யோன்ஸ்ரன் என்னும் பயிற்றுநர் அவரை மெல்ல மெல்ல வசப்படுத்தி மரதன் ஓட்டத்தின்பால் திருப்பினார். பழைய ஓட்டத்திலேயே மீண்டும் முயல் என்று சொல்லாது, புதியதொன்றைக் காட்டியமை அந்தப் பயிற்றுநரின் கெட்டித்தனம் என்றே சொல்லவேண்டும்.

1951-இல் ஓடிய முதல் மரதனிலேயே பீற்றர்ஸ் வெற்றி பெற்றார். மறு ஆண்டு யூன் மாதத்தில் 2 மணி 20 நிமிடம் 42 செக்கனில் ஓடி, உலகில் அதுவரை எவரும் ஓடாத வேகத்தைக் காட்டினார். ஆறு வாரங்களின் பின், யூலை 27-இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக் மரதன். அங்கே அவரே வெல்வார் என்று பலர் நம்பினர். ஆனால் ஏறக்குறைய 20 மைலளவில் தசைப்பிடிப்புற்று அவர் வீதியோரம் ஒதுங்கினார். வென்றவர் அதே சாற்றோபெக்! அவருக்கு அது முதல் மரதன். அந்த வாரத்தில் 10,000 மீற்றரையும் 5,000 மீற்றரையும் ஏலவே வென்றிருந்தார். அவரும் உடல் நோகாமற் போய்விடவில்லை. அதன்பின் ஒரு வாரம் நடக்கவே இயலாதிருந்ததாகப் பின்னர் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் முறை ஓட்டத்தைத் துறக்கப் பீற்றர்ஸுக்குக் காரணம் இருந்தது. அவர் துறக்கவில்லை. 1953-ஆம் ஆண்டு யூன் முதல் ஒக்ரோபர் வரையில் நான்கு மரதன்களை ஓடி நான்கையும் வென்றார். யூனில் 2 மணி 18 நிமிடம் 40 செக்கன். ஒக்ரோபரிற் பின்லாந்தின் தூர்க்கு நகரில் அதனினும் ஆறு செக்கன் குறைவு. 2 மணி 20 நிமிடத்தினுள் மரதனை ஓடிய முதல் மனிதர் அவரே. 1954 யூன் 26-இல் 2 மணி 17 நிமிடம் 39 செக்கனில் ஓடித் தம் சாதனையை மீண்டும் முறியடித்தார்.

அதற்குச் சரியாக ஆறு வாரங்களின் பின், ஓகஸ்ட் 7-ஆம் நாள், கனடாவின் வான்கூவர் நகரிற் பேரரசு விளையாட்டு விழா மரதன் நடந்தது. கொடிய வெயில். பீற்றர்ஸ் ஏனையோரைவிடப் பதினேழு நிமிட அளவு முந்தி மைதானத்தினுள் நுழைந்தார். நுழைந்தவர் தள்ளாடினார், விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். ஏறக்குறைய 200 மீற்றர் எஞ்சியிருக்கையில் அவரைத் தாங்கிப் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். ஸ்கொத்லாந்து வீரர் ஜோ மக்கீ பரிசு பெற்றார்.

ஹெல்சிங்கியும் வான்கூவரும், உலக சாதனையொன்றின் ஆறு வாரங்களுக்குப் பின் வந்தவை என்பது கவனிக்கத்தக்கது. அதனாலேயே அவர் வீழ்ந்தார் என்று தீர்த்துக் கூறவும் இயலாது. 1953-இல் நெருக்கமாக ஓடியும் அவர் வென்றார் அல்லவா? வான்கூவரில் வெயில் பெரும்பங்கு வகித்தது. ஆயினும் ஆறு வாரமென்பது ஒரு மரதனை மறந்து இன்னொன்றை முழு வலிமையுடன் ஓடுதற்குப் போதிய காலமென்று இக்காலப் பயிற்றுநரிற் பெரும்பாலோர் கருதார்.

நியூசிலாந்து வீரர் ஜாக் பொஸ்ரர் 1974-இல், தமது 41-ஆம் வயதில், 2 மணி 11 நிமிடம் 18 செக்கனில் மரதன் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றவர். போட்டியில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் என்ற கணக்கில், கடும் பயிற்சியைத் தவிர்க்கவேண்டும் என்பது அவர் பெயராற் வழங்கும் விதி. மரதனுக்கு 26 நாள். இது ஆய்வுகூடத்தில் அளந்த கணக்கன்று, அநுபவக் கணக்கு. எனினும் தசை ஆறும் காலத்தோடு பெரிதும் ஒத்திருக்கின்றது.

அவ்வளவு நாள் ஓய்ந்திருந்தால் பெற்ற வலிமை போய்விடாதா என்னும் அச்சம் எழும். சிறிது போகும் என்பது உண்மையே. ஓட்டத்தை அறவே நிறுத்தியவனின் குருதியில் நீர்ப்பகுதி இரண்டொரு வாரத்திற் குறைகின்றது. அதனால் இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் குருதியும் குறைகின்றது. முதல் நாள் திரும்ப ஓடும்போது நாடி விரைந்து அடிக்கின்றது, மூச்சு வாங்குகின்றது. மாதங்களாய்ச் சேர்த்ததெல்லாம் கரைந்ததென்று அவன் கலங்குகிறான். ஆனால் முதலிற் குறைந்த இதுவே முதலில் மீளுவதும் ஆகும். சில வாரங்கள் ஒழுங்காக ஓடினாற் போதும். முன்னர் ஒருபோதும் ஓடாதவனுக்கு ஆகும் காலம் இவனுக்கு ஆகாது.

ஆகவே முதல் வாரத்தில் நடை, வசதியுள்ளோர்க்கு நீச்சல், நல்ல உறக்கம். பின்னர் ஒருநாள் விட்டு ஒருநாள் இருபது நிமிட மெல்லோட்டம். அதுவும் மணிக்கூட்டை வீட்டில் வைத்துவிட்டு. பழைய பாதையை விட்டு வேறு பாதையில் ஓடுவது நல்லது. பழைய பாதையின் ஒவ்வொரு மதகும் மரமும், சென்ற மாதம் இவ்விடத்தை எவ்வளவு விரைவிற் கடந்தாய் என்று குத்திக்காட்டும். தோழர் ஒருவரோடு பேசிக்கொண்டே ஓடலாம். பேச முடியாதபடி மூச்சு முட்டினால் வேகம் கூடிவிட்டது என்பது பொருள். அடுத்த போட்டிக்குப் பெயர் பதிவதை உடனே செய்துவிடுவோர் உளர். மனவெறுமையை நிரப்ப அது எளிய வழிதான். ஆனால் உடலின் ஒப்புதல் பெறாது மனம் எழுதிக் கொடுக்கும் கடன்சீட்டு அது. அடுத்த இலக்கு மரதனாகவே இருக்கவேண்டுமென்பதும் இல்லை. ஐந்து கிலோமீற்றர் ஓட்டமொன்று ஒரு பருவத்திற்குப் போதிய வேலையைத் தரும்.

பீற்றர்ஸ் வான்கூவரின் பின் எப்போட்டியிலும் ஓடவில்லை. அப்போது அவருக்கு வயது 35. உலகில் அவரினும் விரைவாக மரதன் ஓடியவர் அன்று எவருமில்லை. எடின்பரோ கோமகன் அவருக்கு ஒரு சிறப்புப் பதக்கம் அனுப்பினார். மறு ஆண்டு அவர் தம் ஓட்ட வாழ்க்கையைப்பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். மூக்குக்கண்ணாடித் தொழிலைத் தொடர்ந்தார். 1948-இலும் 1952-இலும் மீண்டு வந்தவர், 1954-இல் மீளாதிருக்கத் தீர்மானித்து, 1999-இல், எண்பதாவது வயதிற் காலமானார்.