எல்லைக்கல் அசையவில்லை, காணி கைமாறியது
(மடுல்சீமைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பழைய பதுளைத் தேர்தல் தொகுதியின் கதையைக் கூறவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்கென வகுக்கப்பட்ட 89 தொகுதிகளுள் ஐந்து மட்டுமே ஒருவருக்கு மேற்பட்ட உறுப்பினரை அனுப்பும் உரிமை பெற்றிருந்தன. அவற்றுள் பதுளையும் ஒன்று. அதற்கு இரண்டு ஆசனங்கள். சிறுபான்மை மக்கள் செறிந்து வாழுமிடத்தில் அவர்தம் குரலும் மன்றில் ஒலிக்கவேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கம். அந்நோக்கம் ஒரே ஒரு முறை நன்கு நிறைவேறிற்று. இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா பதுளையின் பிரதிநிதியானார். மலைநாட்டிலிருந்து அக்கட்சியினர் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர்.

ஐந்தாண்டு கழித்து, 1952இல், அவ்வெழுவரின் இடத்தில் ஒருவரும் இலர். தொகுதியை ஒழித்துவிட்டார்களா? இல்லை. எல்லையை மாற்றினார்களா? அதுவுமில்லை. 75,000 பேருக்கு ஓர் ஆசனம் எனக் கணக்கிட்டபோது லயங்களில் வாழ்ந்த நம்மவரின் தலைகளும் எண்ணப்பட்டன. அவ்வெல்லைகளே 1952இலும் 1956இலும் நின்றன. தலைக்கணக்கில் நாம் இருந்தோம்; வாக்காளர் இடாப்பில் இல்லை. கமக்காரப் பெருமக்களே, எல்லைக்கல் அசையாமலே காணி கைமாறிய வழக்கு இது!

உறுதியை எழுதியவை மூன்று சட்டங்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இலங்கையில் பிறந்தவனிடமும் தந்தை இங்கு பிறந்ததற்குச் சான்று கேட்டது. அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்கவேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவனின் தகப்பனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே இருந்தது? பிரபுக்களின் வீடுகளிலும் பூட்டனின் பத்திரம் இருந்திருக்குமா என்பது நமக்கு ஐயமே. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்ப வாயிலைத் திறந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. முடிவில் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜை அல்லாதாரின் பெயரை இடாப்பிலிருந்து நீக்கிற்று.

நீதிமன்றம் செல்லாமலும் இருக்கவில்லை. ஓர் இனத்தாருக்கு மட்டும் ஊறு விளைக்கும் சட்டம் செல்லாது என்றது சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு. அதனைப் பற்றிக்கொண்டு கோடாகன் பிள்ளை என்பார் ருவான்வெல்லைத் தொகுதி இடாப்பில் தம் பெயருக்காக வழக்காடினார். 1953இல் பிரிவிக் கவுன்சில், இவை பிரஜாவுரிமையை வரையறுக்கும் சட்டங்களே என்று கூறி மனுவைத் தள்ளியது. சட்டம் பயின்ற நாம் அத்தீர்ப்பைப் பன்முறை வாசித்துள்ளோம். சொற்களுக்கு விளக்கம் உண்டு; இடாப்பில் பெயரிழந்த மனிதருக்கு அங்கே விளக்கமில்லை.

அதன்பின் 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்ற நிலை பெரிதும் நீங்கிற்று. 1989இல் விகிதாசார முறை வந்தபோது பழைய பதுளைத் தொகுதி மாவட்டத்தினுள் கரைந்தது.

எனினும் இடாப்பு இன்றும் ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. கொழும்புக்கு வேலை தேடிச் சென்ற பிள்ளையின் பெயர், மணமுடித்து அடுத்த தோட்டம் சென்ற மகளின் பெயர் ஆகியன சத்தமின்றி விடுபடக்கூடும். இம்முறை அதற்குச் சட்டம் வேண்டியதில்லை. நம் அசட்டையே போதும். விடுபட்ட பெயரைச் சேர்க்கக் கோரும் உரிமை சட்டத்தில் உண்டு. அதற்குரிய தவணையும் உண்டு.

கூட்டம் முடிந்ததும் இங்கேயே மேசையிட்டு அமர்கின்றோம். அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் கொண்டு வந்தோர் முதலில் வரட்டும். பத்திரமில்லாதோர் வீடு திரும்பவேண்டாம். அவர்களுக்கே எமக்கு அதிக நேரம் வேண்டும்.