தோணிரேவில் இருந்து பைத்தான் படித்தேன்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவர் ஆற்றிய உரை. மாலை நேரக் கணினி அறை பற்றிய தீர்மானம் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும்.)



எனக்குச் சொந்த ஊர் தோணிரேவு. பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. அப்பா ஏரியில் வலை போடுகிறார். நான் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் சித்தி இங்கே பி பிளாக்கில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும்.

கிளப் ஹவுஸில் பூட்டிக் கிடக்கும் சின்ன அறையில் பழைய கணினிகளைப் போட்டு, இங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகள் படிக்க விடலாமா என்று நீங்கள் யோசிப்பதாகச் செயலாளர் சார் சொன்னார். "எல்லாப் பாடமும் போனிலேயே இலவசமாக வருகிறதே, அறை எதற்கு?" என்று ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். நான் படித்த விதத்தைச் சொல்கிறேன். பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில், பாடம் இலவசம் என்பது முழு உண்மை. 2003-இல் ஐஐடிக்களும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கிய திட்டம் என்பிடெல். அதில் சிறுசேரி சென்னை கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடத்தில் சேர்ந்தேன். மொத்தம் 8 வாரம். பதிவு செய்யவோ வீடியோ பார்க்கவோ காசு கிடையாது. சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வுக் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

முதல் வாரமே மீப்பெரு பொது வகுத்தி கண்டுபிடிக்கும் கணக்கு வந்தது. 84, 60 என்று இரண்டு எண்கள். 1 முதல் 60 வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது ஒரு வழி. யூக்ளிட் வழி வேறு. 84-ஐ 60-ஆல் வகுத்தால் மீதி 24. 60-ஐ 24-ஆல் வகுத்தால் மீதி 12. 24-ஐ 12-ஆல் வகுத்தால் மீதி இல்லை. விடை 12. அறுபது முறை செய்ய வேண்டியது மூன்றே முறையில் முடிந்தது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் போட்ட கணக்கு. அது எதற்கு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இதுவரைக்கும் போன் போதும். வீடியோ முடிந்து, நாமே எழுத வேண்டிய இடத்தில்தான் சிக்கல். பைத்தானில் ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளித் தொடங்குகிறது என்பதற்கே பொருள் உண்டு. அந்த இடைவெளி மாறினால் புரோகிராம் ஓடாது, அல்லது வேறு வேலை செய்யும். போனில் கீபோர்டு திறந்தால் பாதித் திரை மறைந்துவிடும். நாலு வரிக்கு மேல் கண்ணில் படாது. நீச்சலைப் படம் பார்த்துக் கற்க முடியாது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதுவும் அப்படித்தான்.

எனக்குக் கைகொடுத்தது, அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். பேட்டரி போய்விட்டதால் பிளக் பக்கத்திலேயே உட்கார வேண்டும். அதில் இருந்த பாஸ் லினக்ஸில் பைத்தான் முன்பே இருந்தது, டவுன்லோடு செய்யும் வேலை இல்லை. அந்தப் பழைய பெட்டி இல்லையென்றால் இரண்டாவது வாரத்திலேயே நின்றிருப்பேன். இணையப் பாடங்களில் சேருபவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை என்பது உலகம் முழுக்கத் தெரிந்த செய்தி. அவர்கள் எல்லாரும் அறிவில் குறைந்தவர்கள் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் சில ஊர்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. மீன் நிறைய விழும் இடத்துக்கு எல்லாரும் ஒரே நாளில் போகாமல், முறை வைத்துப் போவார்கள். அதையே புரோகிராமாக எழுதிப் பார்த்தேன். 12 பேர் என்றால், 31-ஆம் நாள் யார் முறை? 31-ஐ 12-ஆல் வகுத்தால் மீதி 7, ஆக ஏழாவது ஆள். 24-ஆம் நாள் மீதி 0 வரும். அப்போது கடைசி ஆள் என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். கணினிக்குள்ளும் பல புரோகிராம்கள் இப்படி முறை வைத்து ஓடுவது உண்டு. அதற்கு ரவுண்ட் ராபின் என்று பெயர்.

பாடு உள்ள ஊரில் இருக்கும் என் மாமாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "புயல் எச்சரிக்கை வந்த நாளில் ஒருத்தன் முறை விழுந்தா, அது போச்சா, மறுநாளைக்குத் தள்ளுமா?" என்று கேட்டார். அவர் பைத்தான் படித்தவர் இல்லை. ஆனால் நல்ல புரோகிராமர் கேட்கும் கேள்வி அது. அதற்குக் கணினியிடம் பதில் இல்லை, ஊர் கூடித்தான் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்குப் பிறகுதான், என்பிடெல் நம் புரோகிராமை நமக்குக் காட்டாத உள்ளீடுகளையும் கொடுத்து ஏன் சோதிக்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது. வீடியோவை எத்தனை முறை ஓட்டினாலும், அது நம்மைப் பார்த்து இப்படிக் கேட்காது. பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது மூன்றுதான். அறையில் இரண்டு கணினி, புதியதாக இருக்க வேண்டியதில்லை, கீபோர்டில் எல்லா எழுத்தும் வேலை செய்தால் போதும். மாலையில் இரண்டு மணி நேரம், எந்த நாள் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள். வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நிச்சயமான நேரம்தான் பெரிய உதவி. மூன்றாவது, வாரம் ஒரு நாள் உங்களில் ஒருவர் வந்து உட்கார வேண்டும். இங்கே ஐ.டி.யில் இருக்கும் அண்ணன்களும் அக்காக்களும் நிறையப் பேர். விடையைச் சொல்லித் தர வேண்டாம். "நீ என்ன நடக்கும்னு நினைச்ச? அது என்ன செஞ்சுது?" என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். மீதியை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

என்பிடெல் பருவம் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். முதல் பருவத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வருகிறேன். பழவேற்காட்டில் இருந்து காலை பஸ் இருக்கிறது.